புள்ளிக்கு முன்னால்

அந்தச் செய்தி மல்லிகா டீச்சருக்கு ஸ்டாஃப் ரூமில்தான் தெரிந்தது. 2004 ஆகஸ்ட். கசார்வாடியில் பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அவள் பள்ளி. நான்கு நாள் அடைமழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறியிருந்தது. அவள் நான்காம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். மராத்தி டீச்சர் ராஜஸ்ரீ பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நம்மிடம் படித்த அந்தத் தமிழ்ப் பெண் நீலா ஞாபகமிருக்கிறதா, நர்ஸ் ஆனாளே, என்று இந்தியில் கேட்டாள்.

ஞாபகமில்லாமல் என்ன? 1991ஆம் வருஷத்து வகுப்பு. இரண்டாம் பெஞ்ச், ஜன்னலோரம். அச்சடித்த மாதிரி கையெழுத்து. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு நூறு.

ராஜஸ்ரீ குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். நீலா வேலை பார்க்கும் நர்சிங் ஹோமில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைக் காய்ச்சல் என்று சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை மாலையிலிருந்து திங்கட்கிழமை காலை டாக்டர் பார்க்கும் வரை, நான்கு வேளை, சொன்ன அளவைப் போல் பத்து மடங்கு மருந்து சலைனோடு ஏறிவிட்டது. குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. காது போய்விட்டது. நீலாவையும் இன்னொரு நர்ஸையும் வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரிக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மல்லிகா நீலாவின் வீட்டுக்குப் போனாள். அப்பா பட்டறைத் தொழிலாளி, வேலூரிலிருந்து வந்து முப்பது வருஷமாகிவிட்ட குடும்பம். கதவைத் திறந்த சரசா, மகளின் டீச்சரைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"வாங்க டீச்சர். பத்து நாளா இப்படியே உக்காந்திருக்கா. சோறு இறங்கல. நீங்களாவது கேளுங்க."

நீலா கட்டிலிலிருந்து எழுந்து நின்றாள். இருபத்திரண்டு வயதிலும் வகுப்பில் எழுந்து நிற்கிற அதே நிலை. உட்கார் என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

"டாக்டர் சரியாத்தான் எழுதியிருந்தாரு டீச்சர். ஜீரோ பாயிண்ட் ஃபைவ் எம்எல். டூட்டி முடியறப்போ நான்தான் அதைச் சார்ட்ல எடுத்து எழுதினேன். புள்ளி வெச்சு அஞ்சு போட்டேன். முன்னாடி ஜீரோ போடல. அந்தப் புள்ளி சார்ட்ல இருக்கற கோட்டு மேலயே விழுந்துருச்சு. அடுத்து வந்தவ வேலைக்குச் சேந்து மூணு வாரம்தான் ஆகுது. அஞ்சுன்னு படிச்சிட்டா."

"ஏம்மா ஜீரோ போடல?"

"தெரியல டீச்சர். எனக்கு எப்பவும் அப்படியே பழக்கம்."

சரசா கொண்டுவந்த டீயை வாங்கிய மல்லிகா, அதைக் குடிக்காமல் தரையில் வைத்தாள். நீலாவுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருந்தது. இருபத்திரண்டு வருஷமாக, ஒவ்வொரு நான்காம் வகுப்பிலும், தசமப் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் எழுதிய பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் அதை அடித்துக்கொண்டு வந்தவள் அவள். முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை, மதிப்பில்லாததை எழுதாதே என்பது அவள் வகுப்புச் சட்டம். எழுதினால் அரை மார்க் போகும். அதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இப்போது நினைத்துப் பார்த்தாலும் ஞாபகம் வரவில்லை. பாடப் புத்தகத்தில்கூட 0.5 என்றுதான் அச்சிட்டிருந்தது. சுருக்கமாக எழுதுவது சுத்தம் என்று அவளாகவே பிடித்துக்கொண்டதாக இருக்கும்.

அன்று அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கணவர் ரங்கராஜனிடம் சொன்னாள். அவர் போசரியில் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களை அளந்து பார்த்துத் தேற்றும் பிரிவில் இருந்தார்.

"ஏனுங்க, அந்தப் புள்ள கையில அந்தப் பழக்கத்தை ஏத்துனது நானுங்க."

ரங்கராஜன் செய்தித்தாளை மடித்து வைத்தார். "நீ பாட்டுக்கு எதையாவது இழுத்துத் தலையில போட்டுக்காதே. நடுவுல எத்தனை வருஷம், எத்தனை பேரு? மூணு வயசுக் குழந்தைக்கு அஞ்சு மில்லி ஏத்துனவ ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க வேண்டாமா? ஞாயித்துக்கிழமை ஒரு டாக்டர்கூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்கலையே, அது யாரு தப்பு?"

"உங்க டிராயிங்ல எப்படி எழுதுவீங்க?"

"எதை?"

"அரை மில்லிமீட்டரை."

"ஜீரோ போட்டுத்தான்," என்றார். "போடாம வந்துச்சுன்னா டிராயிங்கைத் திருப்பி அனுப்பிருவோம். புள்ளி அழிஞ்சு போனா வம்பாயிரும்ல." சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமென்று அவர் முகத்தில் தெரிந்தது.

வியாழக்கிழமை விசாரணை. நீலாவுக்குத் துணையாக வருகிறேன் என்று சரசாவிடம் சொல்லிவிட்டு மல்லிகா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். நர்சிங் ஹோமின் மாடியில் ஒரு சின்ன அறை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நீலா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. எழுதிக்கொண்டவர் பேனாவை மூடும்போது மல்லிகா எழுந்தாள். தனக்குத் தெரிந்த இந்தியில், இந்தப் பெண்ணுக்கு நான்தான் தசம எண் சொல்லிக்கொடுத்தேன், பூஜ்யத்தை எழுதாதே என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த பெரிய டாக்டர் மரியாதையாகத்தான் பேசினார். மேடம், உங்கள் மனசு புரிகிறது, ஆனால் இங்கே நான்காம் வகுப்பை விசாரிக்கவில்லை. அவ்வளவோடு முடிந்தது.

இருவரும் வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நீலா குடையை விரிக்காமலே நின்றாள்.

"எதுக்கு டீச்சர் அங்க எழுந்தீங்க?"

"உண்மைதானேம்மா சொன்னேன்."

"எனக்கு ட்ரெயினிங்ல முதல் மாசமே சொன்னாங்க டீச்சர். ஜீரோ இல்லாம டோஸ் எழுதவே கூடாதுன்னு. பரீட்சையில அந்தக் கேள்விக்கு நான் சரியா எழுதி மார்க்கும் வாங்கினேன். தெரிஞ்சிருந்தும் அன்னைக்குக் கை பாட்டுக்கு எழுதிருச்சு. வீட்டுக்குப் போற அவசரம். இது என் தப்பு. நீங்க பாதியைப் பிச்சு எடுத்துக்கிட்டுப் போனா, அந்தக் குழந்தைக்கு முன்னால நான் எப்படிப் போய் நிப்பேன்?"

தன் மனசு ஆறத்தான் அங்கே எழுந்து நின்றோமோ என்று அப்போதுதான் மல்லிகாவுக்கு உறைத்தது. பஸ் வந்தது. ஏறும்போது நீலாவே அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

மறுநாள் மல்லிகா வகுப்புக்குப் போகும்போது ஊசியில்லாத இரண்டு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொண்டு போனாள். ஒன்று ஒரு மில்லி, மற்றது ஐந்து மில்லி. நாற்பத்துமூன்று பிள்ளைகள். கரும்பலகையில் 0.5 என்றும் 0.25 என்றும் எழுதி, எது பெரியது என்று கேட்டாள். முக்கால்வாசிக் கைகள் இரண்டாவதற்கு உயர்ந்தன. ஐந்தை விட இருபத்தைந்து பெரியதில்லையா டீச்சர், என்று முன் பெஞ்ச்சில் ஒரு பெண் கேட்டாள். போன வாரம் நடந்த தேர்வில் இதே பிள்ளைகள் கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்த்து, 25, 50 என்று ஒப்பிட்டு, சரியான விடை எழுதியவர்கள். அவளும் வரிசையாக டிக் போட்டிருந்தாள்.

முதலில் காகிதப் பட்டையை வெட்டிக் கொடுத்து ஸ்கேல் வைத்துப் பத்துச் சம பாகமாகக் கோடு போட்டு மடிக்கச் சொன்னாள். ஐந்து பாகத்துக்கு வண்ணம் அடித்தார்கள். பாதிப் பட்டை. பிறகு இரண்டரை பாகத்துக்கு அடித்தார்கள். கால் பட்டை. அப்புறம் ஒவ்வொருவராக வந்து சிரிஞ்சில் தண்ணீரை உறிஞ்சினார்கள். அரை மில்லி தண்ணீரை உள்ளங்கையில் விட்டபோது சில சொட்டுதான் விழுந்தது. ஐந்து மில்லியை விட்டபோது கை நிறைந்து மணிக்கட்டு வரை வழிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மல்லிகா சிரிக்கவில்லை. ஒரு பாடவேளையில் முடியவில்லை. அடுத்து வந்த ராஜஸ்ரீயிடம் கேட்டு மராத்தி வகுப்பையும் எடுத்துக்கொண்டாள்.

கடைசியில், இவ்வளவு நாள் புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடாதீர்கள் என்று சொன்னேன், அது தப்பு, இனிமேல் போட வேண்டும் என்றாள். பிள்ளைகள் பழைய நோட்டுகளை எடுத்து, அவள் அடித்த இடங்களிலெல்லாம் மறுபடி பூஜ்யம் எழுதினார்கள். போன அரை மார்க்கைத் திருப்பித் தருவீர்களா என்று பலர் கேட்டார்கள். தந்தாள்.

இரண்டு வாரம் கழித்து நீலா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். வேலை போய்விட்டது. குழந்தையின் வீட்டுக்குப் போக வேண்டும், தனியாகப் போகக் கால் வரவில்லை, கூட வருவீர்களா என்று கேட்டாள்.

குழந்தையின் பெயர் மும்தாஜ். அப்பா முகமது இஸ்மாயில் திருச்சிக்காரர், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். அவர்தான் கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த நீலாவின் முகம் அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கதவை விட்டு விலகி நின்றார். உள்ளிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தாள்.

"அந்தப் பொண்ணு உள்ள வர வேணாம்."

நீலா வாசற்படியிலேயே நின்றாள். நின்ற இடத்திலிருந்தே, "நான்தாம்மா எழுதினேன். சரியா எழுதல. அதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றாள். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

உள்ளே தரையில் குழந்தை எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தது. டம்ளர் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து கணீரென்று உருண்டது. பெரியவர்கள் நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை பார்க்கவில்லை.

"நீங்க யாரு? அவளுக்கு அம்மாவா?" என்று மும்தாஜின் அம்மா கேட்டாள்.

"இல்லம்மா, டீச்சர். சின்ன வகுப்புல இவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்." வேறெதையும் சொல்லத் தனக்கு உரிமையில்லை என்று மல்லிகா நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பெண் உருண்ட டம்ளரை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்தாள். பிறகு, "டீச்சர்னு சொல்றீங்களே, இவளை இனிமே எந்த ஸ்கூல்ல சேப்பாங்க? இவரு யார்கிட்டயும் போய்க் கேக்க மாட்டேங்கிறாரு," என்றாள்.

"எனக்குத் தெரியாதும்மா. விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்."

விசாரித்தாள். பத்து மாதம் ஆனது. சிட்டியில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிகளுக்குச் சனிக்கிழமைகளில் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தாள். முதல் பள்ளியில் இடமில்லை. இரண்டாவதில், முதலில் காதுக்கு மெஷின் வைத்துப் பழக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மும்தாஜின் அம்மாவும் அவளும் குழந்தையை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு எத்தனையோ தடவை அந்த வழியில் போய் வந்தார்கள். பஸ்ஸில் அதிகம் பேசியதில்லை. நீலாவைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேச்சு வந்தது. அவளுக்கு சிஞ்ச்வட்டில் வேறு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருப்பதாக மல்லிகா சொன்னாள். ஒவ்வொரு டூட்டி மாறும்போதும் சார்ட்டை வாய்விட்டுப் படித்து, எதிரில் இருப்பவளைத் திருப்பிச் சொல்லவைக்காமல் நகர மாட்டாளாம், அங்கே அவளைக் கேலி செய்கிறார்களாம் என்று சரசா சொன்னதையும் சொன்னாள். மும்தாஜின் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "செய்யட்டும்," என்றாள். யார் செய்யட்டும், எதைச் செய்யட்டும் என்று மல்லிகா கேட்கவில்லை.

2005 ஜூனில் இரண்டாவது பள்ளியில் இடம் கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்த விண்ணப்பத்தைப் பள்ளித் தாழ்வாரத்தில் வைத்து இஸ்மாயில் மல்லிகாவிடம் நீட்டினார். பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தவள், காது கேளாமைக்கான காரணம் என்று கேட்டிருந்த கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"என்ன கேட்டிருக்கு?" என்றாள் மும்தாஜின் அம்மா.

மல்லிகா சொன்னாள்.

"காய்ச்சல்னு போட்டுரலாமா?" என்று இஸ்மாயில் மெதுவாகக் கேட்டார். "பின்னால யாரும் எதையும் கிளற வேணாம்."

"வேணாம்," என்றாள் அவர் மனைவி. "நடந்ததை எழுதுங்க டீச்சர். நாளைக்கு இவ படிச்சுப் பெரியவளாகிக் கேட்டா, பொய் சொல்ல முடியாது."

மல்லிகா எழுதினாள். எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாள் மும்தாஜின் அம்மா. "மருந்தின் அளவைத் தவறாக எழுதியதால், பத்து மடங்கு கொடுக்கப்பட்டது," என்று மல்லிகா படித்தாள்.

மும்தாஜின் அம்மா கேட்டுத் தலையாட்டினாள். விண்ணப்பத்தை வாங்கிக் கணவரிடம் கையெழுத்துப் போடக் கொடுத்துவிட்டு, தாழ்வாரத்து நீர்க்குழாயைக் கண்டு ஓடிய குழந்தையின் பின்னால் போனாள்.