சண்முகவடிவின் திருநாள்

செத்தவர்களுக்கெல்லாம் செபம் சொன்ன அந்தோனியம்மா செத்துப்போனால் அவளுக்கு யார் செபம் சொல்வது என்று வட்டவளைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரும் யோசித்து வைத்திருக்கவில்லை. அவளும் ஒருநாள் சாவாள் என்ற எண்ணமே யாருக்கும் வந்ததில்லை போலும். கூடவே இருந்த பேத்தி மரியநாயகிக்கும் வரவில்லை. ஐம்பத்தேழாம் வருஷக் கடைசியில், மலையே கரைந்துவிடும்போல மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், கிழவி தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள், சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத சாவு. தொந்தரவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாதாகோயில் சாமியாரைக் கூட்டிவர அட்டனுக்குப் போன கஸ்பர், மரியநாயகியின் புருஷன், மறுநாள் மத்தியானம் தொப்பலாக நனைந்து தனியாகத் திரும்பி வந்தான்.

"றொசல்லைக்கு அங்கிட்டு மண்ணு சரிஞ்சு கெடக்கு. ரயிலும் இல்ல, ரோட்டும் இல்ல. சாமியாரு அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம்" என்றான்.

அந்தோனியம்மா தனக்கென்று வாழ்நாளில் கேட்டது ஒன்றே ஒன்று. "சாமியாரு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். பிரார்த்தனை சொல்லாம மட்டும் எம்மேல மண்ணத் தள்ளிப்புடாத ஆத்தா" என்பாள். புனிதர்களான அர்ச்சிஷ்டவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று முடிக்கிற நீண்ட பிரார்த்தனை அது. சரி அம்மாயி, சரி அம்மாயி என்று பேத்தியும் தலையாட்டியிருக்கிறாள். தலையாட்டியவளுக்கு அந்தப் பிரார்த்தனை பாதிகூடத் தெரியாது. வீட்டில் செபப்புத்தகம் கிடையாது; கிழவிக்கு எழுத்துத் தெரியாது, எல்லாம் மனப்பாடம். வரிசை வீடுகளான அந்த லயங்களில் இருந்த இன்னொரு வேதக்காரக் குடும்பம் எப்போதோ கப்பலேறி ஊருக்குப் போய்விட்டது. கஸ்பரோ கல்யாணத்துக்காக வேதத்தில் சேர்ந்தவன். சிலுவை போடும்போதே எந்தத் தோள் முதலில் என்று தடுமாறுவான்.

தெரியாமல் போனதற்கு ஒரு கதை இருக்கிறது. அந்தோனியம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டேதான் பிரார்த்தனை சொல்லுவாள். கை இரண்டும் செடியில் ஓடும், வாய் அர்ச்சிஷ்டவர்களிடம் ஓடும். பக்கத்து நிரைகளில் நிற்கிற பெண்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள்தான் அத்தனை பேரும், இலையைக் கூடைக்குள் போட்டபடியே "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். கை நிற்காதவரை கங்காணிக்கும் ஆட்சேபணை இல்லை. இதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த மரியநாயகி, முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்காக அட்டன் கோயிலில் படித்தபோது, உனக்குத் தெரிந்த அர்ச்சிஷ்டவர்களைச் சொல் என்ற உபதேசியாரிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். இராயப்பர், சின்னப்பர், சூசையப்பர், அந்தோனியார், செபஸ்தியார், அழகன், சண்முகவடிவு. அதோடு விட்டாளா? சண்முகவடிவுக்கு எந்த மாசத்தில் திருநாள் என்று வேறு கேட்டு வைத்தாள்.

கோயிலே சிரித்தது. வீட்டுக்கு வந்து அழுத பேத்தியிடம் கிழவி, "அவங்கெல்லாம் இருக்காங்க ஆத்தா. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். உபதேசியார் தேடி வந்து, திருச்சபையில் இல்லாத பேரையெல்லாம் கலக்கக் கூடாது என்று கண்டித்துவிட்டுப் போனார். "சரிங்க" என்றாள். மறுநாள் மலையில் சொன்ன பிரார்த்தனையில் சண்முகவடிவு தன் இடத்தில் அப்படியே இருந்தாள். எழுத்தறியாத கிழவி கோவிலையும் மாதாகோயிலையும் போட்டுக் குழப்புகிறாள் என்று மரியநாயகி முடிவு கட்டினாள். அன்றிலிருந்து மலையில் பிரார்த்தனை ஆரம்பித்தால் அவளுக்குப் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகிற வேலை வந்துவிடும்.

இப்போது கிழவி பெட்டிக்குள் கிடந்தாள். தோட்டக் கமிட்டித் தலைவர் வீரய்யா வாசலில் வந்து நின்றார்.

"குழியில தண்ணி ஊறுது தாயி. வாளி போட்டு எறைச்சுக்கிட்டு இருக்காங்க. இதுக்கு மேல வச்சிருக்க முடியாது."

எடுத்தார்கள். அந்தத் தோட்டத்தில் எந்தச் சாவானாலும் பெண்கள் கடைசி லயத்து முடுக்கோடு நின்றுவிடுவார்கள். அதற்கு மேல் ஆம்பிளைகள் மட்டும்தான். வேதக்காரப் பெண்கள் போகலாம் என்பதால் மரியநாயகி பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். முடுக்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகும் பின்னால் காலடிச் சத்தம் குறையவில்லையே என்று திரும்பிப் பார்த்தாள். கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையில், பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் நாகலெட்சுமி. கிழவிக்கு அடுத்த நிரையில் எத்தனையோ வருஷமாகக் கொழுந்தெடுத்தவள்.

வீரய்யா நின்றார். "பொம்பளைங்க எங்க வர்றீங்க? வழக்கமில்லாத வழக்கமா இருக்கு."

"தெரியும் மாமா" என்றாள் நாகலெட்சுமி. "எங்களுக்காகப் பெரியம்மா போனாங்க. இன்னைக்கி பெரியம்மாவுக்காக நாங்க வர்றோம்."

அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

குழியருகே மரியநாயகி ஆரம்பித்தாள். மாதாவைக் கூப்பிட்டாள், சூசையப்பரைக் கூப்பிட்டாள், இராயப்பர், சின்னப்பர். அதற்கப்புறம் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆம்பிளைகள் மண்வெட்டியைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்தார்கள். குழியில் தண்ணீர் ஏறுவது அவள் கண்ணுக்கே தெரிந்தது. கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கொடுக்க முடியாத பாவியாகிவிட்டேனே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது.

"அர்ச்சிஷ்ட அந்தோனியாரே."

பின்னாலிருந்து வந்த குரல் நாகலெட்சுமியுடையது. பெண்கள் தயங்காமல் பதில் சொன்னார்கள். "அர்ச்சிஷ்ட செபஸ்தியாரே" என்றாள் அடுத்து. உரத்துக்கூடச் சொல்லவில்லை. மலையில் கொழுந்தெடுக்கிற அதே நிதானத்தில், கிழவி மூச்சு வாங்குகிற இடத்தில் தானும் மூச்சு வாங்கி, கிழவி இழுக்கிற எழுத்தைத் தானும் இழுத்துச் சொல்லிக்கொண்டே போனாள். நெற்றியில் திருநீறு மழையில் கரைந்து வழிய ஒருத்தி நின்று, மோட்சத்தில் இருக்கிறவர்களையெல்லாம் வரிசை தப்பாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அழகனே" என்றாள் நாகலெட்சுமி. கூட்டத்தின் ஓரத்தில் ஒரு கிழவி முகத்தை மூடிக்கொண்டாள். "பொன்னையாவே." இன்னொருத்தி குனிந்துகொண்டாள். "சண்முகவடிவே" என்று சொன்னபோது நாகலெட்சுமியின் குரலே உடைந்தது. ஆனால் நிற்கவில்லை.

மரியநாயகி அவள் கையைப் பிடித்தாள். "சின்னம்மா, சண்முகவடிவுன்னா யாரு?"

"எம் மக" என்றாள் நாகலெட்சுமி. "பேரு வைக்கிற நாளு வர்றதுக்குள்ள போயிருச்சு. துணியில சுத்தி ஆம்பளைங்க தூக்கிட்டுப் போனாங்க. எங்க வச்சாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. பெரியம்மாதான் அவங்க பின்னாடியே போயி, பாத்துட்டு வந்து எடம் சொன்னாங்க. என்ன பேரு வைக்க நெனச்சிருந்தேன்னும் கேட்டாங்க. அதுவரைக்கும் யாரும் கேக்கல. பாவம் செய்யாத புள்ள மோட்சத்துல இல்லாம வேற எங்க இருக்கும்னு சொல்லி, அன்னைக்கே சேத்துக்கிட்டாங்க."

உபதேசியார் விரட்டிய அத்தனை பிள்ளைகளையும் கிழவி ஒற்றை ஆளாக, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, இராயப்பர் சின்னப்பருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாள். கேட்டவர்கள் சிரித்தபோதும் ஒருவரையும் இறக்கிவிடவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷியோடு ஒரே அடுப்பில் சோறு தின்றிருக்கிறோம் என்று பயம்போல ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது.

பேர்கள் முடிந்தன. நாகலெட்சுமி நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது மரியநாயகிக்குப் புரிந்தது.

"அந்தோனியம்மாவே" என்றாள்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." வீரய்யாவின் குரலும் அதில் இருந்தது.

மண் தள்ளியாயிற்று. ஆம்பிளைகள் இறங்கத் தொடங்கினார்கள். பெண்கள் போகவில்லை. நாகலெட்சுமி அந்த மேட்டைச் சுற்றிப் பார்த்தாள், அங்கே முதன்முதலாகக் கால் வைத்தவள். பிறகு யாரையும் கேட்காமல் காட்டுக் கொய்யா மரத்தை நோக்கி நடந்து, அதற்குக் கீழே ஒரு சின்னக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொய்யாவுக்குக் கிழக்கால, சப்பட்டைக் கல்லுன்னு சொன்னாங்க" என்று முணுமுணுத்தாள். மற்றப் பெண்களும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து, தங்களுக்குச் சொல்லப்பட்ட கல்லைத் தேடிப் போனார்கள்.

மரியநாயகி நாகலெட்சுமியின் பக்கத்தில் குந்தி, முந்தானையால் கல்லைத் துடைக்கப் போனாள். அந்த மழைப்பிரதேசத்தில் கல்லென்று ஒன்று கிடந்தால் ஒரு மாசத்தில் பாசி மூடிவிடும். கைவிட்டுப் போன பெரிய சமாதிகளெல்லாம் சுற்றிலும் பச்சையாகத்தான் நின்றன. இந்தக் கல்லில் பாசி இல்லை; யாரோ வந்து வந்து தேய்த்து வழவழவென்று இருந்தது. எழுந்துபோய் அடுத்த கல்லைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும் பார்த்தாள். ஒன்றிலும் இல்லை.