துரையின் காது

எனக்குக் காது சுத்தமாகக் கேட்காது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வேன். மற்றதையெல்லாம் துரை பார்த்துக்கொள்வான். வாசல் மணி அடித்தால், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவன் எழுந்து, மூக்கால் என் முழங்காலை முட்டி, வாசலுக்குக் கூட்டிப்போவான். அதற்கென்றே பழக்கி எனக்குக் கொடுத்த நாய். நாய் என்று நான் சொல்லலாம், வேறு யாரும் சொல்லக்கூடாது.

கொஞ்ச நாளாக ஆளாளுக்கு ஒரே புகார். மணியடித்தே விரல் தேய்ந்துவிட்டதாம். துணியைத் தைக்காமல் நான் உள்ளே ஒளிந்துகொள்கிறேனாம். என் தங்கையும் அதையே சொன்னாள். நீ வந்திருக்கவே மாட்டாய், வந்திருந்தால் துரை சொல்லியிருப்பான் என்று அவள் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டேன்.

அவள் விடவில்லை. கதவைத் திறந்து வைத்து, என் கண்ணெதிரே மணியை அழுத்திப் பிடித்தாள். என்ன சத்தம் என்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். துரை மட்டும் என்னையே பார்த்து வாலாட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

அவனுக்கும் வயதாகிவிட்டது. எனக்கே கேட்காதபோது, அவனுக்குக் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்?

அவனைப் பழக்கிய பெண் வருடாவருடம் வந்து சோதிப்பாள். தேறாவிட்டால் அவன் வேறு வீட்டுக்குப் போய்விடுவான், எனக்குப் புது நாய் வரும். பழையதையும் கூடவே வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், புதியதற்கு வேலையில் கவனம் போய்விடுமாம். யாருக்கு வேண்டும் புது நாய்? நான் காலால் தரையைத் தட்டினால் அந்த அதிர்வு துரைக்குத் தெரிந்தது. அதையே மணி என்று எடுத்துக்கொள்ளப் பழக்கினேன். பாவம், சீக்கிரமே பிடித்துக்கொண்டான்.

சோதனைக்கு வந்தவளை, அளவு பார்க்கும் கண்ணாடியில் ஓரக்கண்ணால் கவனித்தேன். திறந்திருந்த வாசலில் நின்றாள். விரல் மணிக்குப் போனது. உடனே காலைத் தட்டினேன். துரை துள்ளி எழுந்து, என்னை முட்டி, வாசலுக்குக் கூட்டிப்போனான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவள் சிரிக்கவில்லை. எனக்குப் புரியும்படி நிதானமாக உதட்டை அசைத்தாள்.

"நான் இன்னும் மணியை அழுத்தவே இல்லக்கா."

கெஞ்சினேன். "அவனுக்கு நான் காதா இருந்துட்டுப் போறேன்."

"வீடு தீப்பிடிச்சு அலாரம் அடிச்சா, உங்க ரெண்டு பேர்ல யாருக்குக்கா கேக்கும்?" அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

மறுவாரம் கயிற்றோடு வந்தாள். துரை திரும்பிப் பார்க்காமல் அவளோடு நடந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவனுக்குக் கேட்காது என்று தெரியாதா எனக்கு? ஆனாலும் மனசு கேட்கவில்லை. காலால் தரையை ஓங்கி மிதித்தேன்.

அவள் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தான். முழங்காலை முட்டினான். மணி அடித்துவிட்டது என்று நினைத்து, அவள் நின்றிருந்த வாசலுக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.