இஞ்சி, சற்று வாடியது

விசாரணை அன்று அந்த அறையில் இருந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு. மேசையின் தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, வரித்துறையின் வகைப்பாட்டு அதிகாரி. அவருக்கு இடப்பக்கம், மின்விசிறி சுவிட்சு கைக்கெட்டும் தூரத்தில், பிரிவு எழுத்தரம்மா. எதிரே, ஒரு கைப்பிடி கழன்றுபோன நாற்காலியில், மசாலாச் சரக்கு மொத்த வியாபாரி. கைப்பிடி இல்லாத பக்கமாக அவருடைய மனைவி; சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க ஒருவர் வேண்டுமே. ஐந்தாவது நாற்காலி கிடைக்காததால், பழைய கோப்புகள் அடைத்த இரும்புப் பெட்டியின் மேல் மனைவியின் தம்பி. அவர்தான் வியாபாரியின் வரி ஆலோசகர். மேசையின் நட்டநடுவில், ஓரம் உடைந்த ஒரு தேநீர்த் தட்டில், கழுத்தில் எண் எழுதிய அட்டை தொங்க, விரல் நீளத்துக்கு ஒரு துண்டு இஞ்சி.

அதற்காகத்தான் மற்ற ஐந்து பேரும் வந்திருந்தார்கள்.

வியாபாரிக்குக் கடைத்தெருவில் ‘சற்று முதலாளி’ என்று பெயர். கண்ணால் பார்க்காத எதையும் அவர் சொல்ல மாட்டார். பார்த்துவிட்டாலோ அதோடு நிறுத்த மாட்டார். மிளகு எப்படி என்று கேட்டால் ‘நல்ல மிளகு, சற்றுத் தூசி’ என்பார். கல்யாணமான புதிதில் மனைவி புதுத்துணி உடுத்தி வந்து எதிரே நின்றபோது, ‘அழகா இருக்கு, சற்று நீளம்’ என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கிடந்தவர். மனிதர் பொல்லாதவர் இல்லை. வாயில் வருகிற உண்மையைப் பாதியில் விழுங்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து ஒரு கிடங்கு நிறைய இஞ்சி வாங்கியிருந்தார். மாதக் கடைசியில் பிஸ்கட் கம்பெனியின் லாரி வந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவதாகப் பேச்சு. சரக்கு இறங்கிய அன்று வரித்துறைப் படிவத்தை எடுத்துக்கொண்டு கிடங்கு வாசலில் உட்கார்ந்தார். ‘சரக்கின் விவரம்’ என்ற கட்டம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் ‘இஞ்சி’ என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். இவர் ஒரு மூட்டையைப் பிரித்தார். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், நகத்தால் கீறினார், முகர்ந்தார், தோலில் மெல்லிய சுருக்கம் இருப்பதைக் கண்டார். பிறகு முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: ‘இஞ்சி, சற்று வாடியது.’

அங்கேதான் சனி பிடித்தது.

பச்சை இஞ்சிக்கு ஒரு குறியீட்டு எண். அதற்கு வரி கிடையாது. காய்ந்த இஞ்சிக்கு வேறு எண். அதற்கு நூற்றுக்கு ஐந்து. சற்று வாடியதற்கு எண்ணே கிடையாது. எண் இல்லாத சரக்கை விற்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. எனவே என்ன எண் என்று முடிவாகும்வரை கிடங்குக் கதவில் துறையின் பூட்டு தொங்கியது. மாதக் கடைசிக்குள் அது திறக்காவிட்டால் லாரி வேறு கடைக்குத் திரும்பும். கேட்பாரற்ற இஞ்சி உள்ளேயே அழுகும். அதன்பின் வீட்டுப் பத்திரத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

“இது பச்சையா, காய்ஞ்சதா?” என்று அதிகாரி ஆரம்பித்தார்.

“பச்சை, சார். பச்சைப் பசேல்னு பச்சை,” என்றார் மைத்துனர், பெட்டியின் மேலிருந்து.

“நான் அவரைக் கேட்டேன்.”

வியாபாரி எழுந்து குனிந்து பார்த்தார். “எழுதிக் கொடுத்த அன்னைக்கு இருந்ததைவிட இன்னைக்கு ஒரு சுருக்கம் கூடியிருக்கு, சார்.”

மேசைக்கு அடியில் மனைவி அவர் காலை மிதித்தாள்.

“அப்போ காய்ஞ்சது,” என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

“அதெப்படி சார்? காய்ஞ்சதை ஒடிச்சா சடக்குன்னு சத்தம் வரணும். இது வளையுதே.”

இப்போது இரண்டு கால்களும் மிதிபட்டன. அதிகாரி பேனாவை வைத்தார்.

மைத்துனருக்குப் பொறுக்கவில்லை. “சார், எதுக்கு வம்பு? காய்ஞ்சதுன்னே வெச்சுக்கோங்க. அஞ்சு பர்சன்ட் கட்டிடறோம். பூட்டைத் திறந்து விடுங்க, புண்ணியமாப் போகும்.”

அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. “காயாத சரக்குக்குக் காய்ஞ்ச வரி வாங்கச் சொல்றீங்களா? நாளைக்குத் தணிக்கைக்காரங்க வந்தா என்னைத் தோலை உரிச்சுத் தொங்க விட்டுருவாங்க.”

“சரி, பச்சைன்னு வெச்சுக்கோங்க.”

“வாடியதுன்னு உங்க மாமாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரே, ஐயா! அதை நான் எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?”

எல்லாரும் இஞ்சியைப் பார்த்தார்கள். அது பாட்டுக்குத் தட்டில் கிடந்தது.

கடைசியில் அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். பச்சை, காய்ந்தது இரண்டில் ஏதாவது ஒரு பக்கமாக இஞ்சி தானே போய்ச் சேரும்வரை அது இந்த மேசையிலேயே இருக்கட்டும். மாதிரித் துண்டு எப்படியோ, கிடங்கில் இருக்கும் சரக்கும் அப்படியே என்று விதி இருக்கிறது. இஞ்சி முடிவு செய்யட்டும். துறை அதற்குக் கட்டுப்படும்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் மனைவி தன் பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து இஞ்சியின் தலையில் நாலு சொட்டு தெளித்தாள். அதே நேரம் எழுத்தரம்மா கையை நீட்டி மின்விசிறியைப் போட்டார்.

“ஏங்க மேடம், எங்க இஞ்சியைக் காய வைக்கறீங்களா?”

“எனக்குப் புழுங்குதும்மா! உங்க இஞ்சியை யாரு கண்டா? நீங்கதான் சாட்சிக்குத் தண்ணி காட்டறீங்க.”

“நான் தண்ணி காட்டறேனா? விசிறியை நிறுத்துங்க சொல்றேன்.”

“நீங்க புட்டியை மூடுங்க முதல்ல.”

அதிகாரி மேசையைத் தட்டினார். அவர் நியாயஸ்தர், அதுதான் அவரிடம் இருந்த ஒரே கோளாறு. காலையில் வியாபாரி தரப்பு தண்ணீர் தெளிக்கலாம், மதியம் துறைத் தரப்பு விசிறி போடலாம், ஒரு தரப்புக்கு இன்னொரு தரப்பு இளைத்ததாக இருக்கக் கூடாது என்று உத்தரவு எழுதி, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அப்படியே நடந்தது. காலையில் மனைவி தண்ணீர் தெளிப்பாள். இஞ்சி சற்று நிமிரும். மதியம் எழுத்தரம்மா விசிறி போடுவார். இஞ்சி சற்றுச் சுருங்கும். மாலையில் வியாபாரி வந்து குனிந்து பார்த்து, “சற்று வாடியிருக்கு, சார்,” என்பார். அதிகாரி அதைக் கோப்பில் ஏற்றுவார். இரண்டு தரப்பும் சமமாக இருந்ததால் இஞ்சி நடுவிலேயே நின்றது. இப்படியே போனால் அது ஓய்வு பெறும்வரை இந்த மேசையிலேயே உத்தியோகம் பார்க்கும்போல் இருந்தது.

வீட்டில் மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

“சோறு போடவா?”

“கொஞ்சம் போடு.”

“ஏன், சற்றுன்னு சொல்லுங்களேன். வாய் வலிக்குதா?”

அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கிடங்குத் தெருவுக்கு நடந்தார். பூட்டிய கதவின் இடுக்கில் மூக்கை வைத்து இழுத்தார். காரமான மணம் வந்தது. இன்னும் அழுகவில்லை. ஆனால் மணத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, ஈர மண் வாசனை மாதிரி, புதிதாக இருந்தது. பார்க்காததால் அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

லாரி வருவதற்கு முந்தின நாள் மதியம், விசிறி போடக் கையை நீட்டிய எழுத்தரம்மா அப்படியே நின்றுவிட்டார்.

“சார், இது மூக்கை நீட்டுது.”

எல்லாரும் எழுந்தார்கள். இஞ்சியின் ஓரத்தில், இளம்பச்சையாக, கிளி மூக்கு மாதிரி ஒரு முளை. காலையில் ஈரம், மதியம் காற்று, ஜன்னல் வழியே இதமான வெயில். நாற்றங்கால் போட்டு வளர்த்தாலும் இவ்வளவு பக்குவம் கிடைக்காது.

அதிகாரி குறியீட்டு எண்களின் தடிப் புத்தகத்தை இழுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினார். நாள்பட்ட தலைவலி விட்ட மாதிரி அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

“இது மசாலாவே இல்லை,” என்றார்.

“பின்னே?” என்றார் மைத்துனர்.

“உயிருள்ள செடி. ஆறாம் அத்தியாயம். வரி கிடையாது. என் மேசை மசாலா மட்டும், ஒன்பதாம் அத்தியாயம். செடிக்குப் பூட்டுப் போட எனக்கு அதிகாரமே இல்லை. இத்தனை நாள் எதைப் பூட்டி வெச்சிருந்தேன்னு நினைச்சாலே பகீர்ங்குது.”

“அப்போ திறங்க, சார்!” என்று மனைவி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். பிடிக்க ஆளில்லாமல் வியாபாரி அந்தப் பக்கமாகச் சாய்ந்து மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

“திறக்கறேன். ஆனா சரக்கோட விவரம் மாறிடுச்சு இல்லையா? உங்க வீட்டுக்காரர் திருத்தி எழுதித் தரணும். கையில வாங்க மாட்டேன், தபால்ல வரணும். கீழ வாசல்ல பெட்டி இருக்கு. நாலு மணிக்கு எடுப்பாங்க. காலையில இதே மேசைக்கு வந்துடும். வந்ததுக்கு முத்திரை விழட்டும், அடுத்த நிமிஷம் நானே சாவியோட வர்றேன்.”

கடிகாரத்தில் நாலு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி.

மைத்துனர் பிஸ்கட் கம்பெனிக்குப் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கர் பொத்தானில் விரல் பட்டு, அது ஊருக்கே கேட்கிற மாதிரி அலறியது. “முளை விட்டிருக்கா? அதனால என்ன? கிள்ளிப் போட்டுட்டு அரைச்சுடப் போறோம். நாளைக்கு லாரி வரும்,” என்றது கம்பெனிக்காரரின் குரல்.

எழுத்தரம்மா தாளைக் கொடுத்தார், அதிகாரி தன் பேனாவையே கொடுத்தார். வியாபாரி இஞ்சியை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு எழுதினார்: ‘இஞ்சி, முளைத்தது.’

பேனா தாளைவிட்டு எழவில்லை.

“என்னங்க?” என்றாள் மனைவி.

“கிள்ளப் போறாங்கங்கறதையும் எழுதணும் இல்லையா?”

அதிகாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “நான் எதையும் கேட்கலை! கிள்ளினா அது திரும்பவும் என் மேசைக்கு வந்துடும், ஐயா!”

“மாமா, உங்க காலைப் பிடிக்கறேன்,” என்று மைத்துனர் பெட்டியிலிருந்து இறங்கியேவிட்டார்.

“பொய் சொல்லச் சொல்றியா, மாப்ளே? கிள்ளத்தானே போறாங்க?”

பேனாவின் முனை தாளில் ‘வி’ என்று தொடங்கியது. ‘விற்பனைக்குப் பின் கிள்ளப்படும்’ என்பதன் ‘வி’ அது. மனைவி பேனாவைப் பிடுங்கவில்லை, காலை மிதிக்கவில்லை, கத்தவும் இல்லை. கழன்ற கைப்பிடியின் இடத்தில் தன் கையை வைத்து, வழக்கத்துக்கு மாறாக மெதுவாகக் கேட்டாள்.

“கிள்ளறதை நீங்க பார்த்தீங்களா?”

வியாபாரி நிமிர்ந்தார். “இல்லையே. இன்னும் கிள்ளலையே.”

“பார்க்காததை என்னைக்காவது எழுதியிருக்கீங்களா?”

அவர் யோசித்தார். சுவரில் கடிகாரம் ஓடியது. எவ்வளவு யோசித்தும் அந்தக் கேள்வியில் ஒரு ஓட்டைகூட அகப்படவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு யாரும் பேசியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. ‘வி’யை ஒரே கோட்டில் அடித்தார், அடித்தலுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார், முற்றுப்புள்ளி வைத்தார்.

“முளை மட்டும் சற்று வளைஞ்ச...”

தாள் அதற்குள் மடிந்து உறைக்குள் போய்விட்டது.

ஒட்டத்தான் வழியில்லை. எழுத்தரம்மாவின் புட்டியில் கோந்து காய்ந்து கல்லாகக் கிடந்தது. அதை ஒடித்தால் நிச்சயம் சடக்கென்று சத்தம் வரும். மனைவி தன் தண்ணீர்ப் புட்டியைச் சாய்த்து நாலு சொட்டு விட்டாள், விரலால் குழைத்து உறையின் வாயில் தடவி அழுத்தினாள். எழுத்தரம்மா கையை நீட்டி விசிறியைப் போட்டு, உறையை அதன் கீழே பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை யாரும் ஆட்சேபிக்கவில்லை.

மைத்துனர் உறையை வாங்கிக்கொண்டு படிகளில் ஓடினார். பெருத்த சரீரம், கட்டடமே தடதடத்தது. வியாபாரி ஜன்னலுக்குப் போனார். கீழே தபால்காரர் பெட்டியைத் திறந்து சாக்கில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மைத்துனர் மூச்சிரைக்க வந்து, பெட்டியை நம்பாமல், உறையை நேராகச் சாக்குக்குள்ளேயே போட்டார். சாக்கின் வாய் கட்டப்பட்டது, வண்டி கிளம்பியது.

“போயிடுச்சா?” என்று மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“போயிடுச்சு.”

அவள் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.