தறிக்குழியில் நாகலிங்கம்

வாசற்படியில் கால் வைத்ததுமே சங்கீதாவுக்குக் குமட்டியது. செத்த எலியும் சாக்கடையும் சேர்ந்து ஒரு வாரம் வெயிலில் கிடந்தது போன்ற நாற்றம். அக்கா மகள் வளைகாப்புக்கு வாலாஜாபாத் போய் மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

அவள் புருஷன் சிவராஜ் தறிக்கு முன்னால் சிரித்த முகமாகக் குந்தியிருந்தான்.

"கதவைச் சாத்தும்மா, ஈ வந்துக்கினே இருக்குது."

"இந்த நாத்தத்துக்கு ஈ வராம மயிலா வரும்? இன்னாயா செத்துக் கெடக்குது இங்க?"

"சாவல. பொறக்கப் போவுது. நாகலிங்கம்!"

விதை போட்டுப் பூமரம் வளர்ப்பது சிவராஜின் பைத்தியம். மொட்டைமாடி முழுக்கப் பெயின்ட் டப்பாக்களில் சரக்கொன்றையும் மந்தாரையும் நிற்கும். அதற்கெல்லாம் சங்கீதா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நாகலிங்கத்தில் பூவுக்குத்தான் வாசனை. பீரங்கிக் குண்டு போன்ற அதன் காயை உடைத்தால், வெள்ளைச் சதை காற்றுப் பட்டு நீலம் பாரித்துத் தெருவையே விரட்டும். விதை அதற்குள்தான் இருக்கிறது. சதை அழுகிய பிறகு கழுவி எடுக்க வேண்டும், அதுவரை நிழலும் ஈரமும் வேண்டும் என்று எவனோ வீடியோவில் சொல்லிவிட்டான்.

பட்டிழை அறாமலிருக்க, நெசவுக்காரர் வீட்டில் எப்போதும் ஈரமாக வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. தறியில் உட்கார்ந்து கால் மிதிக்கிற தறிக்குழி. அதற்குள்தான் சிவராஜ், காயை உடைத்துப் போட்ட வாளியை இறக்கியிருந்தான். மூடிகூட இல்லை.

அதற்கு ஒரு முழம் மேலே, வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டிய அரக்கு நிற முகூர்த்தப் புடவை. இன்னும் ஒரு சாண் நெய்தால் முடிந்தது. சங்கீதா குனிந்து புடவையை முகர்ந்தாள். அடுத்த நொடி கொல்லைக்கு ஓடினாள்.

"பட்டு வாசனையப் புடிச்சிக்கும்னு உனுக்குத் தெரியாது? பொறந்ததுலேர்ந்து தறியிலதானே கெடக்கற?"

"காத்தாட விட்டா போயிடும் சங்கீதா."

போகவில்லை. வாளியை மாடிக்கு விரட்டினாள், ஃபேன் போட்டாள், சாம்பிராணி போட்டாள். இப்போது சாம்பிராணி போட்ட பிணம்போல நாறியது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு மீதிச் சாணையும் நெய்து அறுத்தாள்.

வெள்ளிக்கிழமை, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து மணப்பெண்ணின் அம்மா காயத்ரி வந்தாள். புடவையைப் பிரித்ததும் அவள் மூக்குச் சுருங்கியது.

"என்னமோ ஒரு வாடை வருதே?"

"அது ஒண்ணுமில்லமா," சிவராஜ் குழைந்தான். "பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி. அசல் பட்டுன்னா அப்டிதான் இருக்கும்."

"அப்படியா? பரவாயில்லை, அசல்னா சரி" என்று காயத்ரி புடவையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சங்கீதாவுக்கு அந்த வாளியே தேவலை என்று தோன்றியது. இந்தக் குழைவும் இளிப்பும் அதைவிட நாறின. மணவறையில், ஹோமச் சூட்டில், இந்தப் புடவை என்ன பாடு படுத்தும்!

"குடும்மா அத. கஞ்சியுமில்ல, ஒண்ணுமில்ல. இந்த ஆளு தறிக்கடியில பழத்த அழுக வெச்சிக்கினு இருந்தாரு. உன் பொண்ணு இதக் கட்டக்கூடாது."

காயத்ரி புடவையைச் சட்டென்று கீழே போட்டாள். சிவராஜை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கு. வேற நெய்வியாமா?"

"நெய்யறேன். தறிகிட்ட இவர விடமாட்டேன்."

காயத்ரி போனதும் சிவராஜ் மாடிக்கு ஓடினான். திரும்பி வந்தபோது நகமெல்லாம் நீலம். உள்ளங்கையில் வழவழவென்று விதைகள்.

"கோச்சுக்காதமா. பாரு, எரநூறு தேறும்!"

சங்கீதா இரண்டடி பின்வாங்கினாள். கீழே கிடந்த புடவையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"பத்து வருஷமோ பதினஞ்சு வருஷமோ, உன் மரம் பூக்கும் இல்ல? அன்னிக்கு அதுக்கே இதச் சுத்தி வுடு. வேற எவ கட்டுவா? இப்ப கைய கழுவு. கொல்லையில இல்ல, தெருக்கொழாயில!"