ஆற்றுக்கு விட்ட தெரு

ஆண்டுக்கு ஆண்டு மழை மூர்க்கமாகிக்கொண்டே போனது. கரையை உயர்த்தி உயர்த்திக் களைத்த அரசு, கடைசியில் ஆற்றோடு மல்லுக்கட்டுவதை விட்டு அதற்குக் கொஞ்சம் இடம் விடுவதென்று முடிவு செய்தது. புதிய கரை எங்கே வரவேண்டும் என்று கணக்குப் போட்டு வரைந்தவள், நீர்வளத் துறையில் பொறியாளராக இருந்த தங்கை. எப்படி வளைத்துப் பார்த்தாலும், அக்காவின் தையற்கடையும் வீடும் இருந்த தெரு ஆற்றின் பக்கமே விழுந்தது.

ஊர்க்கூட்டத்தில் யாரோ சொல்லி அக்கா தெரிந்துகொள்ளக் கூடாதென்று, அதற்கு முன்பே தங்கை கடைக்குப் போனாள். உட்கார முடியவில்லை. துணிக்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

"என்னடி, கால்ல சக்கரம் கட்டிட்டு வந்திருக்கே? சொல்ல வந்ததைச் சொல்லு."

சொன்னாள். தையல் மெஷின் நின்றது.

"உன் வீடு எந்தப் பக்கம் வருது?" என்றாள் அக்கா.

"மேட்டுப் பக்கம்."

"அதானே பார்த்தேன்."

உள்ளிருந்து அத்தான் எட்டிப் பார்த்தார். "கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா என்னம்மா? பென்சில்தானே?" என்று சிரிக்கப் பார்த்தார்.

"தள்ளினா ஆஸ்பத்திரிக்குள்ள தண்ணி போகும், அத்தான்."

அக்கா மறுபடி மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். தங்கை கிளம்பும்வரை தலை நிமிரவில்லை.

அதன்பிறகு அக்கா போனை எடுக்கவில்லை. தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் வரைபடத்தை விரிப்பாள், மடிப்பாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள், திரும்ப வந்து விரிப்பாள்.

பள்ளிக்கூட அரங்கில் கூட்டம் நடந்தது. அக்கா எழுந்தபோது, சண்டை வரப்போகிறதென்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அக்கா சத்தம் போடவில்லை.

"வேற வீடு தர்றீங்க, சரி. ஆனா ஆளுக்கொரு மூலையிலே தர்றீங்களே? எனக்குப் பட்டன் காஜா எடுத்துக் குடுக்கறது எதிர்வீட்டுக்காரி. அவ வேலை பார்க்கறப்போ குழந்தையைப் பார்த்துக்கறது பக்கத்து வீட்டு அண்ணன். எங்களைப் பிரிச்சு விட்டா, வெள்ளம் வராமலே நாங்க முழுகிடுவோம்."

தங்கை அதை வரைபடத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலையே மேலதிகாரியின் அறைக்குப் போனாள். தெருவை மொத்தமாக ஒரே இடத்தில் குடிவைக்க வேண்டும் என்றாள்.

"மேட்டுல அவ்வளவு நிலம் எங்கம்மா இருக்கு?"

"நம்ம குழாய்க் கிடங்கு இருக்கே, சார்."

"அப்போ குழாயை எங்கே போடறது?"

"ஆத்தோரமா போடலாம், சார். குழாய் நனைஞ்சா அழாது."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். திட்டவில்லை. சம்மதிக்கவுமில்லை. சம்மதிக்க வைக்க அவள் நாயாய் அலைய வேண்டியிருந்தது. இந்த மேசை அந்த மேசையைக் கைகாட்டியது. அந்த மேசை விடுப்பில் இருந்தது. ஒருவழியாகக் கிடங்கு காலியாகி, அங்கே வீடுகள் எழுந்தன. எதிர்வீடு எதிரிலேயே, பக்கத்து வீடு பக்கத்திலேயே. அக்கா குடிவந்தாள். சமையலறை இருட்டாக இருக்கிறதென்று அத்தானிடம் சொல்லி, அவர் மூலமாகத் தங்கைக்குச் சொல்லியனுப்பினாள். நேரில் பேசவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஆறு பொங்கியது. தங்கை புதிய கரைமேல் இங்குமங்கும் நடந்தாள். எங்காவது கசிகிறதா என்று குனிந்து பார்த்தாள், மண்ணை மிதித்துப் பார்த்தாள். கரை தாங்கியது. ஊருக்குள் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. கீழே, கூரை கழற்றிய பழைய வீடுகளுக்குள் செம்மண் நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

குடை பிடித்தபடி அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். கடை இருந்த இடத்தில் சுவரின் மேல்விளிம்பு மட்டும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

"கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதே," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சாப்பிட்டியா?"

"இல்லக்கா. அந்தக் கோடியிலே கரை எப்படி இருக்குன்னு இன்னும் பார்க்கலே."

அக்கா குடையை அவள் பக்கம் சாய்த்தாள்.

"நட. நானும் வரேன்."