கொடித்தாங்கி

ஆகஸ்ட் பிறந்ததும், சுதந்திர மாதம் என்று, ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு மலேசியக் கொடி ஏறியது. பிரமிளாவின் வீட்டுச் சுவர் மட்டும் வெறுமையாக இருந்தது. குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் யுகேந்திரன் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"அக்கா, நம்ம தமிழ் ஆளுங்க வீட்லதான் கொடி இல்லன்னு பேச்சு வருது. நமக்கு ஏன்க்கா அந்தப் பேரு?"

பிரமிளா அன்றைக்கே கொடியும் அதைச் செருகும் இரும்புத் தாங்கியும் வாங்கி வந்தாள். கணவன் போன பிறகு சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் அவளுக்கு ஆளில்லை. பக்கத்து வீட்டு டொமினிக்கைக் கூப்பிட்டாள். ஒரே ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, தோட்டம் விலைபோன பிறகு இங்கே அடுத்தடுத்த வீடுகளுக்குக் குடிவந்தவர்கள் அவர்கள். அவள் கணவனின் சவத்துக்குத் தோள் கொடுத்தவர் டொமினிக்.

ஞாயிறு சர்ச் முடிந்து டிரில்லோடு வந்தார். முன்சுவர் பூசாத செங்கல். கீழ் ஸ்குரூ கல்லில் கெட்டியாக இறங்கியது. மேல் துளை இரண்டு கற்களுக்கு நடுவே சிமெண்டுச் சந்தில் விழுந்துவிட்டது. உள்ளேயிருந்து மணல் மணலாகக் கொட்டியது.

"அண்ணே, மேல ஆடுற மாரி இருக்கே?"

"பிளாஸ்டிக் பிளக்க நல்லா அடிச்சி எறக்கியிருக்கேன்லா. கொடி என்ன பெரிய கனமா?"

கொடிக்கம்பு தாங்கியிலிருந்து நழுவாதபடி இறுக்கிவிட்டு, அவள் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார். பிரமிளா சாலையின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாள். அழகாகத்தான் பறந்தது.

துப்புரவுக் குத்தகைக்காரர் ஒருவரிடம் பள்ளிக்கூடம் கூட்டும் வேலை அவளுக்கு. அந்த வாரமே ஒரு நாள் மத்தியானம் காற்றும் மழையுமாக அடித்தது. வேலை முடிந்து வந்தபோது வாசலில் கூட்டம், நடுவில் இரண்டு போலீஸ்காரர்கள். மேல் ஸ்குரூ பிய்த்துக்கொண்டு, தாங்கி அப்படியே சுழன்று தொங்கியது. பிறையும் நட்சத்திரமும் தலைகீழாகி, கொடியின் ஓரம் சாக்கடைத் தண்ணீரில் அலைந்தது. யாரோ அதைப் படம் பிடித்து, கொடிக்கு அவமரியாதை என்று எழுதி அனுப்பிவிட்டிருந்தார்கள். அவள் பார்ப்பதற்கு முன்பே ஈப்போ முழுக்கப் பார்த்துவிட்டது.

"சியாப்பா பாசாங்?" யார் மாட்டியது என்று போலீஸ்காரர் மலாயில் கேட்டார். குரலில் கடுமை இல்லை.

பிரமிளா திரும்பினாள். டொமினிக் தன் வீட்டு கேட்டுக்குள் நின்றிருந்தார். பின்னால் அவர் மனைவி அகதா, அவர் சட்டையைப் பிடித்தபடி. போலீஸ்காரரும் அந்தப் பக்கம் பார்த்தார். டொமினிக் தொண்டையைச் செருமிக்கொண்டு மலாயில் சொன்னார்: "டிரில் கேட்டாங்க, கொடுத்தேன். யார் மாட்டினதுன்னு தெரியாது."

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று பிரமிளா காத்திருந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் முன்னால் அவரை இழுத்துவிட்டு, அவர் மறுபடி இல்லை என்று சொல்வதையும் கேட்க வேண்டுமா?

"நான்தான் மாட்டினேன்" என்றாள்.

போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் வாங்கினார்கள். பொழுது சாயும்போது, காற்றில் கழன்றதுதான், போகலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் செய்தியை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. குத்தகைக்காரர் மட்டும் போன் பண்ணினார்: "கொஞ்ச நாளைக்கு வராதீங்கம்மா. ஸ்கூல்ல பேரண்ட்ஸ் கேக்குறாங்க." அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

சனிக்கிழமை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத மத்தியானத்தில் டொமினிக் வந்தார். கையில் டிரில்.

"நான் கவர்மெண்டு வேலைலா, பிரமிளா. ரெண்டு வருசத்துல பென்சன். அகதா அழுவுறா. ஒனக்குத் தெரியாததா?"

அவர் சுவரில் பிய்ந்திருந்த துளையைத் தடவிப் பார்த்தார்.

"இந்தத் தடவ ரெண்டு ஓட்டையும் கல்லுலயே போடுறேன். அசையாது."

"போடுங்கண்ணே" என்றாள் பிரமிளா. "இப்ப வேணாம். நாளைக்குக் காலையில யுகேந்திரன் சங்கத்து ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வீடு வீடா வருவான். தெருவே வெளிய நிக்கும். அப்ப வந்து ஏணி போட்டு மாட்டுங்க. யாரு மாட்டுறான்னு எல்லாரும் பாக்கட்டும்."

டொமினிக் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். டிரில்லை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"காலையில சர்ச்சுல பூசை இருக்கே."

"முடிச்சிட்டு வாங்க."

"பாக்குறேன்லா."

மறுநாள் சங்கத்துக்காரர்கள் வந்து போனார்கள். இந்த வீட்டில் ஏன் கொடி இல்லை என்று ஒருவன் கேட்டான். யுகேந்திரன் அவன் தோளைப் பிடித்து அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். அங்கே டொமினிக்கின் கொடி நிமிர்ந்து பறந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே தொலைக்காட்சி ஓடும் சத்தம் பிரமிளாவுக்கு நன்றாகக் கேட்டது.