தரையில் கால் படாத பரசுராமன்

பரசுராமனின் பாதம் தரையில் பட்டால்தான் செய்தி என்று பெரிய காஞ்சிபுரத்தில் சொல்வார்கள். பங்குனித் திருவிழா சமயத்தில் மைதானத்தில் மூங்கில் நட்டு, வட்டம் போட்டு, டியூப் லைட் கட்டி, ஒரு வாரம் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவான். சோறு சைக்கிள் மேல், சவரம் சைக்கிள் மேல், குளியலும் அதன் மேலேதான். சுற்றி வருகிறவன் தலையில் யாராவது குடத்துத் தண்ணீரைக் கவிழ்ப்பார்கள். ஒலிபெருக்கி பாட்டுக்குப் பாட்டு, "தரையில் கால் படாத சைக்கிள் வீரர் பரசுராமன்!" என்று முழங்கும். மற்ற நாட்களில் அவன் வாடகை சைக்கிள் கடைக்காரன். அதை ஊரும் நினைப்பதில்லை, அவனும் நினைப்பதில்லை.

இந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தவன் காசிநாதன். வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். தினமும் சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வருகிறவன். பூனாவில் வேலைக்குப் போன தன் அண்ணனைப் பார்க்க ரயில் ஏறாமல், அந்த மூட்டை ஏற்றுகிற சைக்கிளிலேயே கிளம்பினான். பைத்தியம் என்று ஊர் சிரித்தது. சிரித்து மறந்தும் போனது. அவன் திரும்பி வந்து சேர்ந்தது, அறுபத்தொன்பதாம் வருஷத் திருவிழாவில், பரசுராமன் வட்டமடித்துக்கொண்டிருந்த சாயங்காலம்.

காசிநாதன் மைதானத்து ஓரத்தில் சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து துளை துளையாக இருந்த ஒரு கறுப்புக் கல்லை எடுத்துக் காட்டினான். அவ்வளவுதான். வட்டத்தைப் பார்த்திருந்த கூட்டம் பரசுராமனுக்கு முதுகைக் காட்டி அவனைச் சூழ்ந்துகொண்டது. பரசுராமனுக்கு இறங்கிப் போய்க் கேட்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. சுற்றுக்கு ஒரு துண்டாகத்தான் கதை காதில் விழுந்தது.

"அந்த மலைங்களுக்கு உச்சியே கெடையாதுபா. கத்தியால சீவிட்டா மாரி தட்டையா இருக்குது."

அடுத்த சுற்றில், "நெருப்புக் கொழம்பு ஓடி ஒறைஞ்சி இந்தக் கல்லு ஆச்சாம். எங்கண்ணன் சொன்னாரு."

அதற்கும் அடுத்ததில், "மேல நின்னா மேகம் நமக்குக் கீழ போய்க்கினு இருக்குது!"

கூட்டம் 'ஆ' என்றது. பரசுராமனுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. தனக்கு வரவேண்டிய 'ஆ' அது.

திருவிழா முடிந்து வீட்டில் அவன் மனைவி ரேணுகாம்பாள் வெந்நீரில் துணியை நனைத்து அவன் முழங்காலுக்கு ஒற்றடம் கொடுத்தாள்.

"ஏங்க, மேகம் கீழ போவுமாமே? நீங்க எப்பனா பாத்துக்கீறீங்களா?"

அவன் முழங்காலை இழுத்துக்கொண்டான்.

"நீங்க எங்க பாக்கறது! குண்டுச்சட்டியில குதிர ஓட்டிக்கினு கீறீங்க" என்று அவள் சிரித்தாள். சும்மா, விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன்தான் விடிய விடிய அந்தக் குண்டுச்சட்டிக்குள் கிடந்தான்.

அதன் பிறகு காசிநாதன் பெயரைக் கேட்டாலே அவனுக்கு எட்டிக்காயாகக் கசந்தது. டீக்கடையில் யாராவது காசிநாதனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தால் கசந்தது. மில் முதலாளி அவனைக் கூப்பிட்டுக் கதை கேட்டார் என்றபோது கசந்தது. ஒருநாள் டீக்கடையிலேயே, பத்துப் பேர் நடுவில், பரசுராமன் கேட்டுவிட்டான்.

"டேய் காசி, அந்த மலைய ஏறிக்கினு போனியா, தள்ளிக்கினு போனியா?"

"பாதி தள்ளிக்கினுதான் போனேண்ணா. செங்குத்தா இருக்குது."

"அப்ப அது இன்னாடா சைக்கிள்ல போறது? மாடு கூடத்தான் வண்டிய இழுத்துக்கினு போவுது. நான் போனா கால் ஊணாம ஏறுவேன். ஊணிட்டா நான் பரசுராமன் இல்ல."

"வாயேண்ணா, அந்தப் பக்கம் மழ விட்டதும் போலாம்" என்றான் காசிநாதன். கேலி இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னான். பரசுராமனுக்கு அதுவும் பொறுக்கவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

கார்த்திகையில் கிளம்பினார்கள். பெங்களூர், தார்வார் என்று ஏறி ஏறிப் போனது சாலை. வருஷக்கணக்காக வட்டமடித்த கை. கொஞ்சம் அசந்தால் பரசுராமனின் சைக்கிள் இடது பக்கமாகவே இழுத்துப்போய் மண்ணில் இறங்கியது. காசிநாதனோ மூட்டைச் சைக்கிளில், கோடு கிழித்தாற்போல, பாட்டு முனகிக்கொண்டு முன்னால் போனான். பெல்காம் தாண்டியதும் மண் கறுத்தது, கல்லும் கறுத்தது. தெரிந்த இரண்டு இந்தி வார்த்தையை வைத்துக்கொண்டு காசிநாதன் சோளக்கொல்லைக்காரர்களிடம் ரொட்டியும் வெங்காயமும் வாங்கி வந்தான். அவர்கள் அவன் தோளைத் தட்டிச் சிரித்தார்கள். பாஷை தெரியாத ஊரிலும் இவனுக்குத்தானா என்று பரசுராமன் ரொட்டியை மென்றான். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.

பிறகு அந்த மலைகள் வந்தன. காசிநாதன் ஒன்றும் கதை அளக்கவில்லை. மடித்து அடுக்கிய கறுப்புப் புடவைகள் மாதிரி வரி வரியாக எழும்பி, மேலே தட்டையாக நின்றன. அவன் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் வேண்டிவந்த பரசுராமனுக்கு அந்த அழகைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது.

பஞ்சகனிக்கு ஏறும் மலைப்பாதையில் பரசுராமன் எழுந்து நின்று மிதித்தான். முதல் வளைவு, அடுத்த வளைவு, அதற்கடுத்தது. காசிநாதன் வெட்கமே இல்லாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். ஆனாலும் அவன் நடையே பரசுராமனின் மிதியை முந்தியது. மைதானத்தில் இறங்காமல் சுற்றுவது வேறு, மலை வேறு. மைதானம் மேலே ஏறுவதில்லை. மூச்சு அடைத்தது, தொடை நடுங்கியது, கண்ணில் பூச்சி பறந்தது. எதிரே லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியபோது சைக்கிள் பழையபடி இடது பக்கம் இழுத்தது. கறுப்புப் பாறைமேல் அவன் கால் ஊன்றியது. ஊன்றியும் நிற்கமுடியாமல் கையையும் ஊன்றி, குப்புற விழுந்தான்.

தலையைத் தூக்கினான். மேல் வளைவில் காசிநாதன் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணும் கண்ணும் நேராகச் சந்தித்தன. உடனே காசிநாதன் குனிந்து, கழலாத சங்கிலியைக் கழன்றாற்போல நோண்ட ஆரம்பித்தான். பரசுராமன் மீதி மலையைத் தள்ளிக்கொண்டே ஏறினான்.

உச்சியில் ஊர்த் திருவிழா பத்து நடத்தலாம் போலப் பரந்த வெட்டவெளி. காற்று ஆளைத் தள்ளியது. காசிநாதன் விளிம்பை நோக்கி நேராக விட்டான். பரசுராமனும் ஏறி மிதித்தான். கொஞ்ச நேரம் கழித்துப் புழுதியில் தன் சக்கரத் தடத்தைப் பார்த்தால், வட்டம். அவ்வளவு பெரிய மலைமேலும் வட்டம்தான் போட்டிருந்தான்! விளிம்பிலிருந்து காசிநாதன், "அண்ணா, மேகம்! வந்து பாருண்ணா!" என்று கத்தினான். பரசுராமன் போகவில்லை.

ஊர் திரும்பியபோது தேரடியில் மாலையோடு நின்றார்கள். ரேணுகாம்பாளும் நின்றாள். "இன்னாபா காசி, ஊணினாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்கண்ணனா? ஒரு எடத்துல ஊணலயே! நான்தான் தள்ளிக்கினு போனேன்" என்றான் காசிநாதன்.

மாலை விழுந்தது. ரேணுகாம்பாளின் முகம் மலர்ந்ததைப் பார்த்தான். அவனைப் பார்த்து அவள் அப்படி மலர்ந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதையும் காசிநாதன்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறான்! அவன் காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு வசவோடு போயிருக்கும். இப்போது ஆளும் நல்லவன், காலும் வலுத்தவன், போதாததற்குப் பிச்சை போட்டவனும் ஆகிவிட்டான். பாவி, ஒரு கெட்ட குணமாவது இருந்து தொலைக்கக் கூடாதா?

அடுத்த பங்குனி வந்தது. ஒலிபெருக்கி, "தரையிலும் மலையிலும் கால் படாத பரசுராமன்!" என்று புது மாதிரி முழங்கியது. கூட்டம் இரட்டிப்பு. வட்டத்தின் ஓரத்தில் காசிநாதன் கோலி சோடாவோடு நின்று, சுற்றி வரும்போதெல்லாம் நீட்டினான். அந்த முகத்தில் ஏளனம் துளியும் இல்லை. 'நான் சொல்லமாட்டேண்ணா' என்கிற கருணைதான் இருந்தது. சுற்றுக்குச் சுற்று அந்தக் கருணையைக் கடந்து போகவேண்டியிருந்தது. ஒரு பகல் தாங்கினான். மறுநாள் உச்சிவெயிலில், காசிநாதனுக்கு நேர் எதிரே பிரேக்கைப் பிடித்து, இடது காலை எடுத்துத் தரையில் வைத்தான்.

பாட்டு நின்றது. பரசுராமன் மைக்கைப் பிடுங்கினான்.

"மலையிலயும் ஊணினேன். உழுந்தேன். இவன் பாத்தான். பாத்துட்டு உங்ககிட்ட பொய் சொன்னான்."

காசிநாதன் கையிலிருந்த சோடா வழிந்தது. "ஏண்ணா? யார் கேட்டாங்க இப்ப?"

"உன் பிச்ச எனக்கு வேணாம்டா."

ஊர் முழுக்கத் தன்னைக் காறித் துப்பும், கூடவே அந்தப் பொய்யனையும் துப்பும் என்றுதான் அவன் கணக்குப் போட்டிருந்தான். ஆனால் பின்வரிசையில் ஒரு பெரியவர், "அண்ணன் மானத்தக் காப்பாத்த பொய் சொல்லிக்கிறாம்பா. இந்தக் காலத்துல எவன் செய்வான்?" என்றார். அவ்வளவுதான். இரண்டு பேர் காசிநாதனைத் தோளில் தூக்கினார்கள். அவன் "வேணாம்பா, உடுங்கபா" என்று காலை உதறிக்கொண்டே போனான். இரண்டு காலும் தரையில் படாமல்.

ரேணுகாம்பாள் மட்டும் கூட்டத்தோடு போகாமல் வட்டத்துக்குள் வந்தாள். "இப்ப வயிறு குளுந்துச்சா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

பரசுராமன் வெறுங்காலோடு நின்றான். பங்குனி வெயிலில் அந்த மைதானத்துத் தரை இப்படிச் சுடும் என்று அவனுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது.